இறந்தவர் பெயருக்குக் கேட்பு அனுப்பும் நண்பர்களுக்கு

நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிகளின் வருவாய்ப் பிரிவில் வேலை பார்க்கும் வருவாய் உதவியாளர்களுக்கும் வருவாய் ஆய்வாளர்களுக்கும் இந்த மடல்.

அரசாணை உங்கள் பதவிக்கு எந்தப் பெயரை வைத்தாலும் தெருவில் நீங்கள் பில் கலெக்டர்தான். நானும் அந்தப் பெயரோடு தெருத் தெருவாக நடந்தவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சொத்து வரிப் பெயர் மாற்ற மனு எழுதிக் கொடுப்பது என் பகல் வேலை. கூலி கிடையாது; காபி உண்டு. அந்த மனுக்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்ததைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மார்ச் மாதம் உங்களுக்கு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் வசூல் மையம் திறந்திருக்கும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகப் போகும். பெரிய நிலுவைதாரர் பட்டியல் சுவரில் ஒட்டப்படும். குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்று நோட்டீஸ் கொடுப்பீர்கள். மாலையானால் வார்டு வாரியாக வசூல் சதவீதம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். கடைசியில் இருப்பவரின் பெயருக்கு நேரே கேள்விக்குறி இருக்கும். இந்த நெருக்கடிக்குக் காரணமும் இருக்கிறது. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு உள்ளாட்சி மானியத்தைச் சொத்து வரியோடு முடிச்சுப் போட்டுவிட்டது. மாநில உற்பத்தி வளரும் வேகத்துக்குச் சொத்து வரி வசூலும் வளர்ந்தாக வேண்டும், இல்லையென்றால் மானியம் இல்லை என்று நிபந்தனை வைத்தது. மேலிருந்து வரும் அழுத்தம் கமிஷனர் மேசையில் நிற்காமல் உங்கள் கையில் இருக்கும் பி.ஓ.எஸ். கருவி வரைக்கும் இறங்கி வருவது இயல்பு.

ஆனால் எந்த ஆய்வுக் கூட்டத்திலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. உங்கள் வார்டு வரிப் பதிவேட்டில் உள்ள பெயர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? எத்தனை பேர் இன்னமும் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்?

வரி கட்டப்பட்டுவிட்டால் போதும், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன என்பதுதான் நம் அலுவலகங்களின் எழுதாத விதி. கேட்பு, வசூல், நிலுவை ஆகிய மூன்று பத்தியும் கூட்டினால் பொருந்துகிறது, கணக்கு முடிந்தது. இந்த எண்ணம் தவறு என்று சொல்லத்தான் இந்த மடல். பெயர் தப்பாக இருக்கும் பதிவேட்டில் வசூல் 95 சதவீதம் என்றாலும், அந்தப் பதிவேடு உள்ளே உளுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு தலைமுறை கழித்து அது உங்களுக்குப் பின் வரும் ஊழியரின் தலையிலும், அந்தக் குடும்பத்தின் தலையிலும் ஒன்றாக இடிந்து விழும்.

பழைய சட்டம் இதை நன்றாகவே யோசித்து வைத்திருந்தது. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி, வீடு கைமாறினால் விற்றவர், வாங்கியவர் இருவருமே மூன்று மாதத்துக்குள் நகராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டியிருந்தது. உரிமையாளர் இறந்தால் வாரிசு ஓராண்டுக்குள் தெரிவிக்க வேண்டியிருந்தது. விற்றவர் தெரிவிக்காமல் விட்டால், பதிவேட்டில் மாறும் வரை வரிக்கு அவரே பொறுப்பாக இருந்தார். வீட்டை விற்று, பணத்தைச் செலவழித்து, வேறு ஊருக்குப் போனவர் பெயரில் நிலுவை ஓடிக்கொண்டே இருந்ததன் சட்ட அடிப்படை இதுதான். அந்தச் சட்டம் போய், 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான 2023 விதிகளும் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டன. சட்டம் மாறியதே தவிர பழக்கம் மாறவில்லை. மூன்று மாதக் கெடுவைக் கேள்விப்பட்ட வீட்டுக்காரர் ஒருவரைக்கூட நான் பணியில் சந்தித்ததில்லை. நாம் சொல்லவும் இல்லை. வரி ரசீதின் பின்பக்கம் காலியாகத்தானே கிடக்கிறது? அங்கே இரண்டு வரி அச்சடித்திருக்கலாம்.

வீடு விற்றது நமக்குத் தெரியாது என்று சொன்னால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். சார்பதிவாளர் அலுவலகம் வேறு துறை, வேறு கட்டடம். இறந்தது தெரியாது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். நகரத்தில் அதைப் பதிவது யார்? நகராட்சிதான். உங்கள் கட்டடத்திலேயே சுகாதாரப் பிரிவு இருக்கிறது. அங்கே மகன் வந்து அப்பாவின் இறப்பைப் பதிகிறார், சான்றிதழ் வாங்குகிறார், படியிறங்கி வீட்டுக்குப் போகிறார். அடுத்த அரையாண்டில் அதே நகராட்சியின் வருவாய்ப் பிரிவு, அதே அப்பாவின் பெயருக்கு, 'அன்புடையீர்' என்று கேட்பு அறிவிப்பு அனுப்புகிறது. ஒரு பிரிவு இறந்துவிட்டார் என்று முத்திரை குத்திக் கொடுத்த ஆளிடம் இன்னொரு பிரிவு வரி கேட்கிறது. தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி என்று எச்சரிக்கையும் செய்கிறது.

இந்த இரண்டு பதிவேட்டையும் மாதம் ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முழு வேலை முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இறப்பு எந்த ஊரில் நேர்ந்ததோ அங்கேதான் பதிவாகும். திண்டிவனத்துக்காரர் சென்னை மருத்துவமனையில் இறந்தால் பதிவு சென்னையில். ஆனால் அந்தப் படிவத்தில் இறந்தவரின் நிலையான முகவரி இருக்கிறது. 2023-இல் அந்தச் சட்டத்துக்கு வந்த திருத்தம், இறப்புத் தரவை வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, சொத்துப் பதிவு போன்ற பிற தரவுத்தளங்களோடு பகிர வழி செய்திருக்கிறது. டில்லியில் சட்டமே தயாராகிவிட்டது. மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவே இன்னும் ஒரு சுற்றறிக்கை வரவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இறப்பு தெரிந்த உடனே பெயரை மாற்றிவிடாதீர்கள். யார் பெயருக்கு மாற்றுவீர்கள்? இறந்தார் என்று பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏற்ற வேண்டும். 'இன்னார் வாரிசுகள்' என்று முகவரியிட்டு, ஓராண்டுக்குள் ஆவணங்களோடு வந்து பெயர் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் முதல் படி. மிச்சத்துக்கு அவர்களே வருவார்கள். வராவிட்டாலும், இந்த வரி எண்ணுக்கு உரியவர் உயிரோடு இல்லை என்ற உண்மையாவது புத்தகத்தில் இருக்கும்.

அவர்கள் வரும்போதுதான் உங்கள் வேலையில் ஆகக் கடினமான பகுதி தொடங்குகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

வழக்கமாக வருபவர் மகன். கையில் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசு சான்று, வரி ரசீது, ஆதார் நகல். வாரிசு சான்றில் அம்மா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என்று ஐந்து பேர் இருக்கும். மனுவில் மட்டும் ஒரு பெயர். 'அக்கா, தங்கச்சி எல்லாம் கட்டிக்கொடுத்தாச்சு சார். சீர் செய்தாச்சு. அவங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்பார். கூடவே முத்திரைத்தாளில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிச் சகோதரிகளின் கையெழுத்தும் இருக்கும். கையெழுத்து அவர்களுடையதுதானா என்று கேட்க உங்களுக்கு வழியில்லை. கூட்டம் நிற்கிறது. வரியும் முழுதாகக் கட்டியிருக்கிறார். கோப்பு நகர்ந்துவிடுகிறது.

அந்த நேரத்தில் நீங்கள் மனதில் வைத்திருக்க வேண்டியது இது. அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்துக் குடும்பத்தில் மகனுக்கு உள்ள பங்கே மகளுக்கும் மனைவிக்கும் உண்டு. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. இது புதுச் சட்டமும் இல்லை, 1956 முதல் இருப்பது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989-இலேயே திருத்தம் கொண்டுவந்தது, அதுவரை மணமாகாத பெண்களுக்கு. மணமானவர்களையும் சேர்த்து நாடு முழுதுக்கும் 2005-இல் மத்தியச் சட்டம் வந்தது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியருக்கும் பங்குக் கணக்கு வேறு, ஆனால் அங்கும் மகள் வாரிசுதான். சகோதரி உண்மையிலேயே விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விட்டுத்தரும் ஆவணத்தை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். முத்திரைத்தாள் கடுதாசி அந்த வேலையைச் செய்யாது.

விடுதலைப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில், தானசெட்டில்மென்ட் இவற்றில் எதுவும் இல்லையா? சான்றில் உள்ள ஐந்து பெயரையும் ஏற்றுங்கள். ஐந்து பெயர் போட மென்பொருளில் இடம் இல்லை என்றால் 'இன்னாரும் பிற வாரிசுகளும்' என்றாவது ஏற்றி, சான்றைக் கோப்பில் இணையுங்கள். ஒருவர் பெயர்தான் வேண்டும் என்று மகன் கோபப்படுவார். கோபப்படட்டும். பத்து ஆண்டு கழித்து அந்த வீட்டை விற்கும்போதோ, சாலை விரிவாக்கத்துக்கு நிலம் எடுத்து இழப்பீடு தரும்போதோ, விழுப்புரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் இரண்டு பெண்கள் வந்து நின்று, எங்கள் பெயரை யார் எடுத்தது என்று கேட்டால், காட்ட நகராட்சியிடம் ஒரு காகிதம் இருக்கும். பெண்களின் பங்கை நேரடியாகப் பறிப்பவர்கள் குறைவு. பதிவேட்டில் பெயர் ஏறாமல் விட்டுவிடுவதன் மூலமே அது நடந்துவிடுகிறது. அந்த விடுபடலை எழுதும் பேனா நம்முடையதாக இருக்கக் கூடாது.

இதற்கு எதிர்வாதம் ஒன்றை நீங்கள் சொல்வீர்கள். வரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் உரிமை வந்துவிடாதே, பிறகு ஏன் இத்தனை பாடு? உண்மைதான். பெயர் மாற்றம் உரிமையைத் தருவதும் இல்லை, பறிப்பதும் இல்லை, யாரிடம் வரி வாங்குவது என்பதற்கு மட்டுமே அது என்று உச்ச நீதிமன்றம் 1996-இலும் அதன் பிறகு பலமுறையும் சொல்லியிருக்கிறது. ஆனால் தெருவில் நடப்பது வேறு. மின் இணைப்புக்கு வரி ரசீது கேட்கிறார்கள். குடிநீர் இணைப்புக்குக் கேட்கிறார்கள். வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்கிறது. வீடு வாங்க வருபவர் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் 'வரி யார் பேர்ல ஓடுது?' என்றுதான் கேட்கிறார். நீதிமன்றத்துக்கு அது உரிமை ஆவணம் கிடையாது. ஊருக்கு அதுதான் முதல் ஆவணம். இருபது வருஷமாக நான்தான் வரி கட்டுகிறேன், வீடு எனக்குத்தான் என்று நம்பும் தம்பிகளை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் அண்ணன் இறந்த பிறகு அண்ணியை வாசலில் நிறுத்தினார்கள். ரசீதுகளைக் கட்டாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். அந்தக் கட்டில் இருந்த ஒவ்வொரு ரசீதிலும் அச்சாகியிருந்தது இறந்துபோன அப்பாவின் பெயர்.

சகோதரர்களுக்குள் தகராறு இருக்கிறது என்றால் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். இரு தரப்பு மனுவையும் ஏற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கொடுத்து, தகராறு என்று பதிவேட்டில் குறித்து, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லுங்கள். அதுவரை வரியைக் குடியிருப்பவரிடம் வாங்கலாம். பெயரைத் தொட வேண்டாம். கவுன்சிலர் போன் செய்வார். அவருக்கும் இதே பதில்தான்.

அடுத்து எழுத்துப் பிழைகள். சிரிக்காதீர்கள், என்னிடம் வரும் மனுக்களில் பெரும் பகுதி இதுதான். கையெழுத்துப் பேரேட்டில் தமிழில் இருந்த பெயரைக் கணினிமயமாக்கும்போது ஒருவர் ஆங்கிலத்தில் ஏற்றினார். அதை இன்னொரு மென்பொருள் மறுபடி தமிழாக்கியது. சண்முகம் 'ஷன்முகம்' ஆனார். வள்ளியம்மாள் 'வல்லியம்மல்' ஆனார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துத்தான். ஒரே தெருவில் மூன்று எம். முருகன் இருப்பார்கள். தகப்பன் பெயர்ப் பத்தி காலியாக இருந்தால் எந்த முருகன் என்று வீட்டு எண்ணை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டு எண்ணோ பழைய எண், புதிய எண் என்று இரண்டு. சில தெருக்களில் அந்தப் புதிய எண்ணும் பழையதாகி மூன்றாவது வந்துவிட்டது. பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: பத்திரத்தில் அப்பாவின் முன்னெழுத்து, ஆதாரில் கணவரின் முன்னெழுத்து. இரண்டும் ஒருவரே என்று காட்ட அந்த அம்மாள் நோட்டரியிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அலைகிறார்.

ஊராட்சிகள் இணைக்கப்பட்ட ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். 2011-இல் சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது 42 உள்ளாட்சிகளின் பேரேடுகள் மாநகராட்சிக்குள் வந்தன. அதற்குப் பிறகு தாம்பரம், ஆவடி, கும்பகோணம், கரூர், நாமக்கல், காரைக்குடி என்று எத்தனையோ ஊர்கள் மாநகராட்சியாகிவிட்டன. ஊராட்சிப் பேரேட்டில் பெயர் எழுதிய செயலருக்கு ஊரில் எல்லோரையும் தெரியும். அவருக்கு 'கோவிந்தன் மகன், மேலத் தெரு' என்பதே போதுமானதாக இருந்தது. அது அப்படியே மாநகராட்சியின் கணினிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இன்று அந்த மேலத் தெருவில் ஆறு அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன.

கைபேசி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா வரி எண்ணோடும் கைபேசி எண்ணை இணைத்தாயிற்று என்று அறிக்கை போகிறது. இணைத்த எண் யாருடையது? பாதி இடங்களில் மனுவை ஏற்றிக்கொடுத்த பிரவுசிங் சென்டர்காரருடையது, இல்லையென்றால் வாடகைக்கு இருந்து காலி செய்து போனவருடையது. கேட்புக் குறுஞ்செய்தி அவர்களுக்குத்தான் போகிறது. முதல் மாதத்துக்குள் கட்டினால் கிடைக்கும் 5 சதவீத ஊக்கத்தொகையை உண்மையான உரிமையாளர் இழப்பது அலட்சியத்தால் மட்டும் இல்லை, செய்தி போய்ச் சேராததாலும்தான். அடுத்த முறை எண்ணை ஏற்றும்போது ஒரு ஓ.டி.பி. அனுப்பி, உரிமையாளர் வாயால் அதைச் சொல்லக் கேளுங்கள்.

அடுக்குமாடி விவகாரத்தில் சொல்ல அதிகம் இல்லை. பழைய வீட்டை இடித்தவுடன் அதன் வரி எண்ணை முடித்துக் காலியிட வரிக்கு மாற்ற வேண்டும். கட்டி முடித்தவுடன் வீடு வாரியாகப் பிரிக்க வேண்டும். இரண்டும் நடப்பதில்லை. இல்லாத வீட்டுக்குக் கேட்பு ஏறிக்கொண்டே போகிறது, இருக்கும் பதினாறு வீட்டுக்கும் பில்டர் பெயரில் ஒரே ரசீது ஓடுகிறது. உங்கள் நிலுவைப் பட்டியலில் வசூலாகவே ஆகாத தொகைகளில் ஒரு பங்கு இப்படிப்பட்ட பேய் வீடுகளுடையது. நகரமைப்புப் பிரிவின் கட்டட அனுமதிக் கோப்பைப் பார்த்தால் அத்தனையும் தெரிந்துவிடும். பொது அதிகார ஆவணத்தை மட்டும் வைத்து வீடு வாங்கியவர்கள் பெயர் மாற்றம் கேட்டு வந்தால், 2011-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய விற்பனையால் உரிமை மாறாது என்று சொன்னதை எடுத்துச் சொல்லி, கிரயப் பத்திரம் முடித்துவரச் சொல்லுங்கள்.

பெயர் மாற்றம் பரப்பளவோடும் சம்பந்தப்பட்டது என்பதை 2022 ஏப்ரல் சீராய்வு காட்டிவிட்டது. சென்னையின் பழைய பகுதி தவிர்த்த மற்ற நகரங்களில் 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு வந்தது. சென்னையின் பழைய பகுதியில் 50-இல் தொடங்கி 150 வரை போனது. சின்ன வீட்டுக்குச் சலுகை என்பது நியாயமான எண்ணம். ஆனால் 2,400 சதுர அடி வீட்டை மூன்று பிள்ளைகள் பெயரில் மூன்று வரி எண்ணாகப் பிரித்தால் படி இறங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க மக்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. பதிந்த பாகப்பிரிவினை இருந்தால் பிரித்துக் கொடுங்கள், அது அவர்கள் உரிமை. சமையலறையே ஒன்றாக இருக்கும் வீட்டை வெறும் மனுவின் பேரில் மூன்றாக்கினால், வரி குறைவதோடு, நாளைக்கு அந்த மூவருக்கும் இல்லாத ஒரு பிரிவினைக்கு நீங்கள் சாட்சி எழுதிக் கொடுத்ததாகவும் ஆகும்.

இனி, சொல்லாமல் விடக் கூடாத ஒன்று. பெயர் மாற்றத்துக்கென்று தெருவில் ஒரு விலை ஓடுகிறது. கட்டணத்தைச் சொல்லவில்லை, கட்டணத்துக்கு மேலே போவதைச் சொல்கிறேன். ரசாயனம் தடவிய நோட்டோடு பில் கலெக்டர் பிடிபட்டார் என்று செய்தித்தாளில் வரும் செய்திகளில் எத்தனை பெயர் மாற்றத்துக்காக வாங்கியது என்று எண்ணிப் பாருங்கள். பிடிபடுவோமோ என்ற பயத்தைக் காட்டி உங்களைத் திருத்த எனக்கு ஆசையில்லை. இதை மட்டும் யோசியுங்கள்: பணம் கொடுத்தால்தான் நடக்கும் என்று ஆனவுடன், தேவையில்லாதவர்கள் பெயர் மாற்ற வருவதை நிறுத்திவிடுகிறார்கள். விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம், அதுவரை அப்பா பெயரிலேயே ஓடட்டும் என்று விடுகிறார்கள். நம் பதிவேடுகள் இறந்தவர்களின் பட்டியலாகிப்போனதற்கு மக்களின் சோம்பலைக் காரணம் சொல்வது வசதியாக இருக்கிறது. நம் மேசையில் கேட்ட 'கவனிப்பு' அதைவிடப் பெரிய காரணம்.

பக்கத்தில் கர்நாடகத்தில் 2024 முதல் இ-காத்தா எனும் மின்னணுச் சொத்துக் கணக்கு இல்லாமல் சொத்தைப் பதிய முடியாது என்று வைத்துவிட்டார்கள். பெங்களூரில் ஆரம்பத்தில் பெரும் கூச்சல். பதிவுகள் தேங்கின, இடைத்தரகர்கள் புதுக் கட்டணம் வைத்தார்கள். ஆனாலும் திசை சரி என்றே நினைக்கிறேன். வரிப் பதிவேடும் பத்திரப் பதிவும் ஒன்றையொன்று பார்க்காமல் நடக்கக் கூடாது. இங்கே உட்பிரிவு இல்லாத நிலத்துக்குப் பத்திரம் பதிந்தவுடன் தானாகப் பட்டா மாறும் வசதி இருக்கிறது. வரியையும் அப்படி இணைப்பது கடினமான வேலை இல்லை. ஆனால் இயந்திரம் இணைப்பது பத்திரத்தில் உள்ள சொத்தையும் பேரேட்டில் உள்ள எண்ணையும்தான். பேரேட்டில் எந்த முருகன் என்றே தெரியாவிட்டால், தவறான முருகனைத்தான் அதுவும் வேகமாக மாற்றும். அதனால் கணினி வந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று காத்திருக்காதீர்கள். கணினிக்கு முன்னால் நடந்து போய்ப் பார்க்கும் ஆள் நீங்கள்தான். அந்த வார்டில் எந்த வீட்டில் யார் இறந்தார், எந்த மாடி புதிதாக எழுந்தது, எந்த வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்று தெரிந்த ஒரே அரசு ஊழியர் அநேகமாக நீங்கள்தான்.

வரிப் புத்தகம் எழுதும் உங்கள் வேலை மிகப் பழையது. சோழர் செப்பேடுகளில் புரவுவரித் திணைக்களம் என்ற வரித் துறையின் அலுவலர்கள் வரிசையாக வருவார்கள்: வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு என்று பதவிகள். அரசன் வாயால் நிலம் கொடுத்துவிட்டாலும் அது வரிப் புத்தகத்தில் ஏறி, ஏற்றியவர்கள் கையெழுத்திட வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அந்தப் புத்தகத்தில் எழுதுவதற்கென்றே தனி ஆள் இருந்தார். இன்று ஒரு பில் கலெக்டருக்கு ஆயிரக்கணக்கான வரி எண்கள், கூடவே தேர்தல் வேலை, வெள்ள நிவாரண வேலை, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம். ஆள் போதவில்லை என்ற உங்கள் குறை நியாயமானது. உங்கள் ஊழியர் சங்கத்தின் வழியாக அதைக் கேளுங்கள். கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: வார்டு வாரியாக வசூல் சதவீதத்தைப் பார்ப்பதுபோல, அரையாண்டில் எத்தனை பெயர்கள் சரிசெய்யப்பட்டன, எத்தனை மனுக்கள் எத்தனை நாளாகக் கிடக்கின்றன என்பதையும் ஆய்வுக் கூட்டத்தில் பார்க்க வேண்டும். எதை மேலதிகாரி எண்ணுகிறாரோ அதைத்தான் அலுவலகம் செய்யும்; இது நமக்கெல்லாம் தெரிந்த ரகசியம்.

அக்டோபர் முதல் தேதி அடுத்த கேட்பு போடுவீர்கள். செப்டம்பரில் உங்களுக்கு வசூல் நெருக்கடி மார்ச் அளவுக்கு இருக்காது. அந்த மாதத்தில் சுகாதாரப் பிரிவுக்குப் போய், உங்கள் வார்டின் கடைசி மூன்று ஆண்டு இறப்புப் பதிவுகளைக் கமிஷனரின் ஒப்புதலோடு எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பொருந்தும் பெயர்களுக்கு நேரே குறிப்பு எழுதி, வாரிசுகளுக்குக் கடிதம் அனுப்புங்கள். அக்டோபர் கேட்பில் அந்த வீடுகளுக்கு 'வாரிசுகள்' என்று முகவரி போகட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம், டெண்டரும் வேண்டாம்.